ஆகாய ரயில் ஓட்டியவர்

பிறந்த ஊரை விட்டு வெளியே வந்து வாழும் குடும்பங்களுக்குத் தூரம் என்பது மைல் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. கட்டணக் கணக்கும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. டில்லியில் உத்தியோகம் பார்ப்பவரிடம் திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இரண்டு இரவு ரயில், அதற்கு மேல் ஒரு பகல்" என்று பதில் வந்த காலம் ஒன்று உண்டு. தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்று தந்தி வந்தால், மகன் கையில் கிடைத்த துணிகளை எடுத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் வண்டியில் இடம் தேடி ஓடுவார். போய்ச் சேரும்போது சிலருக்குத் தாயாரின் முகத்தைக் காணும் பாக்கியம் கிடைத்தது. பலருக்குப் பத்தாம் நாள் காரியத்தில் கலந்துகொள்ளவே முடிந்தது. ஆகாய விமானம் அன்றும் பறந்துகொண்டுதான் இருந்தது; ஆனால் அதில் ஏறுவதற்கு ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் போதாது.

அந்த நிலை இன்று வெகுவாக மாறிவிட்டது. நம்மவரில் எத்தனையோ குடும்பங்கள் காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கின்றன. இந்த மாற்றம் தானாக வந்துவிட்டதன்று. உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் சிலர் பிடிவாதமாக நின்று வழக்காடி, பொருளிழந்து, பெயரிழந்து வாங்கிக் கொடுத்தது அது. அவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் பிரெடி லேக்கர். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் நாட்டுக்கு விமானம் விட்டவரும் அல்லர். ஆயினும் தூரத்தில் வாழும் மக்களாகிய நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய ஒருவர். அவர் செய்ததையும், அவருக்குப் பின் வந்தவர்கள் செய்யாமல் விட்டதையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தொழிற்சாலைச் சிற்றாள்

பிரெடி லேக்கர் 1922-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி கான்டர்பரி நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம் அன்று. தந்தை அவருடைய சிறு வயதிலேயே குடும்பத்தை விட்டுப் பிரிந்துவிட, தாயார் உழைத்து வளர்த்தார். பெரும் படிப்பு எதுவும் இல்லை. ராச்செஸ்டரில் இருந்த ஷார்ட் பிரதர்ஸ் விமானத் தொழிற்சாலையில் சிற்றாளாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலைகளிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்தார். விமானத்தின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குக் கைப்பழக்கமாயிற்று.

போர் முடிந்ததும் படையினர் கழித்துவிட்ட விமானங்களையும் உதிரிப் பாகங்களையும் வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். 1948-ல் சோவியத் அரசாங்கம் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தது. அந்நகரத்து மக்களுக்கு உணவும் நிலக்கரியும் ஆகாய மார்க்கமாகவே போக வேண்டியதாயிற்று. அச்சமயம் லேக்கரிடம், குண்டுவீச்சு விமானங்களிலிருந்து மாற்றியமைக்கப்பட்ட 12 ஹால்டன் விமானங்கள் இருந்தன. அவற்றை அப்பணியில் ஈடுபடுத்தி அவர் முதல் பொருளைச் சேர்த்தார். முற்றுகை நீங்கியதும், தேவையற்றுப் போன விமானங்களை உடைத்து உலோகமாக விற்றார். பின்னர் மோட்டார் காரையும் அதன் சொந்தக்காரரையும் ஒன்றாக ஏற்றி ஆங்கிலக் கால்வாயைக் கடத்தும் விமானச் சேவை நடத்தினார். 1960-ல் உருவான பிரிட்டிஷ் யுனைடெட் ஏர்வேஸ் என்ற பெரிய கம்பெனிக்கு நிர்வாக இயக்குநராக இருந்து, 1965-ல் அதைவிட்டு விலகினார். மறு ஆண்டே இரண்டு பழைய பிரிட்டானியா விமானங்களுடன் 'லேக்கர் ஏர்வேஸ்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்.

செலவுக் கணக்கை அவர் அடிமட்டத்திலிருந்து பார்த்தார். எஞ்சினை முழு வலுவுடன் முடுக்காமல், தேவையான அளவு வலுவுடன் மேலெழும்பும் முறையைத் தம் விமானிகளைக் கையாளச் செய்தார். எஞ்சினின் ஆயுள் கூடிற்று. பழுதுச் செலவு குறைந்தது. தொழிற்சாலையில் கருவி பிடித்த கைக்குத்தான் இத்தகைய யோசனை தோன்றும்.

சங்கத்தில் சேர்ந்தால் சலுகை

அக்காலத்தில் கடல் கடந்து செல்லும் விமானங்களின் கட்டணத்தைச் சந்தை நிர்ணயிக்கவில்லை. 1945-ல் ஏற்பட்ட சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கூட்டங்களில் கம்பெனிகள் ஒன்றுகூடிக் கட்டணத்தைப் பேசி முடிக்கும். அரசாங்கங்கள் அதற்கு ஒப்புதல் அளிக்கும். பல நாடுகளில் பெரிய விமானக் கம்பெனி அரசாங்கத்தின் சொந்தக் கம்பெனியாகவே இருந்தது. ஆகவே விலையைக் குறைக்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை.

இதிலிருந்து தப்ப ஒரு சந்து இருந்தது. பயணம் தவிர்த்த வேறு நோக்கத்துக்காக அமைந்த சங்கம் ஒன்றில் ஆறு மாதமாவது உறுப்பினராக இருப்பவர்கள், மொத்தமாக ஒரு விமானத்தை வாடகைக்கு அமர்த்தி மலிவாகச் செல்லலாம் என்பது விதி. விளைவு என்னவாயிற்று? மலிவுப் பயணத்துக்காகவே புதுப் புதுச் சங்கங்கள் முளைத்தன. உறுப்பினர் பட்டியலில் தேதிகள் முன்னே தள்ளி எழுதப்பட்டன. உண்மையிலேயே சங்கம் நடத்திச் சந்தா வசூலிக்கப் பாடுபடும் நமக்கு, இது சிரிப்பையும் சிறிது பொறாமையையும் தரும் செய்தி! ஆனால் அதிகாரிகள் விமான நிலையத்தில் வந்து விசாரித்து, 'இவர் உண்மையான உறுப்பினர் அல்லர்' என்று பயணிகளைத் திருப்பி அனுப்பியபோது அது சிரிப்புக்கு உரியதாக இல்லை. லேக்கரின் பயணிகளும் இந்த அவமானத்துக்கு உள்ளானார்கள்.

சாதாரண மனிதன் பொய் சொல்லித்தான் விமானத்தில் ஏற வேண்டுமா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே 'ஸ்கைட்ரெயின்', அதாவது ஆகாய ரயில்.

அந்திக் கடைக் கீரை

அவருடைய யோசனை மிகவும் எளியது. கீரை விற்பவளுக்குத் தெரிந்த உண்மையே அதற்கு அடிப்படை. காலையில் ஒரு விலை சொன்ன கட்டை அந்தி சாய்ந்ததும் பாதி விலைக்குத் தருகிறாள். மறுநாள் அது வாடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். விமானத்தின் காலி இருக்கையும் அப்படித்தான். விமானம் தரையை விட்டு எழும்பிய கணத்தில் அதன் விலை சூனியம். இருக்கை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் விமானிக்குச் சம்பளம் ஒன்றே. எண்ணெய்ச் செலவும் பெரிதாக மாறாது.

ஆகவே லேக்கர் சொன்னார்: முன்பதிவு வேண்டாம். ரயில் நிலையத்தில் சீட்டு வாங்குவதுபோல் அன்றைய தினம் வந்து, பணத்தைக் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு ஏறலாம். பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்களால் ஏற்படும் நஷ்டம் இல்லை. பதிவுக் காரியாலயச் செலவு இல்லை. சாப்பாடு வேண்டுபவர் தனியாகப் பணம் கொடுத்துச் சாப்பிடலாம். வேண்டாதவர் வீட்டிலிருந்து கட்டி வரலாம். முதலில் வருபவருக்கு முதல் இடம். எல்லாருக்கும் ஒரே கட்டணம்.

இந்தக் கடைசி இரண்டு விதிகளை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அவற்றுக்குத் திரும்புவோம்.

ஆறு ஆண்டுப் போராட்டம்

1971-ல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஆகாய ரயில் விட அவர் அனுமதி கேட்டார். 1972-ல் பிரிட்டிஷ் விமானத் துறை ஆணையம் அனுமதி அளித்தது. ஆனால் அமெரிக்கத் தரப்பின் அனுமதி கிட்டாமல் ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில் எண்ணெய் விலை ஏறிற்று. பயணிகள் கூட்டம் குறைந்தது. பிரிட்டனில் ஆட்சியும் மாறிற்று. 1975-ல் வர்த்தக அமைச்சர் பீட்டர் ஷோர், தொலைதூர வழிகளில் அரசாங்கக் கம்பெனிக்குப் போட்டியாக மற்றொரு பிரிட்டிஷ் கம்பெனி வேண்டாம் என்று கொள்கை வகுத்தார். அனுமதிக் காகிதம் வெறும் காகிதமாயிற்று.

லேக்கர் நீதிமன்றத்தின் படியேறினார். 1976-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் டென்னிங் பிரபு முதலான நீதிபதிகள் அந்த மேல்முறையீட்டைத் தள்ளினர். பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று சொல்லும்போது, வழிகாட்டுதல் என்ற பெயரால் அமைச்சர் அதைத் தலைகீழாக்க இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு எல்லை எது என்று சட்டக் கல்லூரிகளில் ஆராயும்போது இவ்வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுவர். 1977 ஜூன் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் அனுமதியில் கையெழுத்திட்டார்.

வரிசையில் நின்றோர்

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, லண்டனை அடுத்த காட்விக் விமான நிலையத்திலிருந்து முதல் ஆகாய ரயில் நியூயார்க்குக்குப் புறப்பட்டது. 345 இருக்கைகள் கொண்ட டிசி-10 விமானத்தில் 272 பயணிகள் இருந்தனர். கட்டணம் 59 பவுண்டு. அதுவரை கட்டணத்தைக் குறைக்க வழியே இல்லை என்று சொல்லிவந்த பெரிய கம்பெனிகள், அதே மாதத்தில் தாங்களும் மலிவுக் கட்டணங்களை அறிவித்தன! ஆகவே லேக்கரின் விமானத்தில் ஏறாதவர்களுக்கும் அவரால் நன்மை விளைந்தது.

மறு ஆண்டுக் கோடையில் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தை ஒட்டிய சீட்டு அலுவலகத்தின் முன் மக்கள் நடைபாதையிலேயே படுத்துக் காத்திருந்தனர். மாணவர்கள், கடல் கடந்து மணமாகிப் போன மகளைப் பார்க்கச் செல்லும் முதியவர்கள், முதன்முதலாக விமானம் ஏறும் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றனர். அவ்வரிசையில் துன்பமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. கூட்டம் மிகுந்த நாளில் இடம் கிடைக்க நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கைக்குழந்தையுடன் வருபவர்களுக்கு அது எளிதன்று. பின்னாளில் லேக்கரே முன்பதிவு முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

1978-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலீஸுக்கும், பின்னர் மயாமிக்கும் ஆகாய ரயில் நீண்டது.

வீழ்ச்சி

உயர ஏறியவரைக் காற்று எளிதில் விடுவதில்லை. 1979 மே 25-ஆம் தேதி சிகாகோவில் வேறொரு கம்பெனியின் டிசி-10 விமானம் விழுந்து நொறுங்கியது. 273 பேர் மாண்டனர். அதையடுத்து ஜூன் தொடக்கத்திலிருந்து ஐந்து வாரங்களுக்கு மேல் அவ்வகை விமானங்கள் அமெரிக்க வானில் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. கோடைப் பருவத்தின் நடுவில் லேக்கரின் ஆகாய ரயில் நின்றது. எண்ணெய் விலை இரண்டாம் முறையாகப் பாய்ந்தது.

அவர் செய்த பெரும் துணிச்சல் ஒன்றும் அவருக்கே எதிராகத் திரும்பிற்று. புதிய விமானங்களை டாலர்க் கடனில் வாங்கியிருந்தார். வருமானத்தின் பெரும் பகுதியோ பவுண்டில் வந்தது. 1980-ன் இறுதியில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 2.40 டாலர் கிடைத்தது. 1981 கோடையில் அது 1.80 அளவுக்கு இறங்கிற்று. கடன் ஏறாமலே கடன் பாரம் ஏறிற்று. அயல்நாட்டில் சம்பாதித்து இங்கே கடன் அடைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். மாற்று விகிதத்தின் கூர்மை அவர்கள் அறிந்ததே. அந்நேரம் பார்த்துப் பெரிய கம்பெனிகளும் தங்கள் கட்டணத்தை அவருடைய கட்டணத்துக்குச் சமமாக இறக்கின.

1982 பிப்ரவரி 5-ஆம் தேதி லேக்கர் ஏர்வேஸ் 25 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட கடனுடன் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான பயணிகள் நடுவழியில் தவித்தனர்; ஊழியர்கள் வேலை இழந்தனர். மலிவை மட்டும் பார்த்து, அதைத் தாங்கும் மூலதனத்தைப் பாராமல் விரைந்தால் வரும் கேடு இது. இதை அவருடைய அபிமானிகளும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் ஒரு வியப்பு நிகழ்ந்தது. கம்பெனியைக் காப்பாற்ற வேண்டும் என்று பொதுமக்கள் தாங்களாகவே பணம் அனுப்பத் தொடங்கினர். திவாலான ஒரு வியாபாரிக்கு வாடிக்கைக்காரர்கள் நன்கொடை அனுப்பியதை வியாபார உலகம் அடிக்கடி கண்டதில்லை.

பெரிய கம்பெனிகள் கூடிச் சதி செய்து வீழ்த்தின என்று கம்பெனியின் கடன் தீர்ப்பாளர் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். 1985-ல் அது சமரசத்தில் முடிந்தது. கடன் கொடுத்தோர் முதலியவர்களுக்கு 4 கோடியே 80 லட்சம் டாலரும், லேக்கருக்கு 80 லட்சம் டாலரும் கிடைத்தன. பஹாமாத் தீவுகளைக் களமாகக் கொண்டு அவர் மீண்டும் விமானம் விட்டார். பழைய புகழ் திரும்பவில்லை. 2006 பிப்ரவரி 9-ஆம் தேதி அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், தமது 83-ஆம் வயதில் காலமானார்.

விழுந்த விதை

அவருடைய கம்பெனி அழிந்தது, யோசனை அழியவில்லை. 1984-ல் அட்லாண்டிக்கைக் கடக்க விமானம் விட்ட ரிச்சர்டு பிரான்சன், லேக்கரிடம் ஆலோசனை கேட்டவர். தம் விமானம் ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டவர். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்குள் 1971-லேயே சிறு கட்டணத்தில் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் கம்பெனி மற்றொரு கிளையாக வளர்ந்திருந்தது. ஐரோப்பாவில் ரயன் ஏர், ஈசிஜெட் முதலியவை தோன்றின.

நம் நாட்டுக்கு அக்காற்று தாமதமாகவே வந்தது. 1953-ல் தேசியமயமாக்கப்பட்ட விமானத் தொழிலில் தனியார் முறைப்படி நுழைவதற்குத் தடையாக இருந்த சட்டம் 1994-ல்தான் நீக்கப்பட்டது. 2003-ல், ராணுவத்திலிருந்து விலகி விவசாயம் செய்துவந்த கன்னட நாட்டவரான கேப்டன் கோபிநாத், ஏர் டெக்கான் கம்பெனியைத் தொடங்கினார். சிறு நகரங்களுக்கு விமானம் விட்டார். சாப்பாட்டை விலைக்கு விற்றார். சில இருக்கைகளை 1 ரூபாய்க்குக் கொடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். அவர் எழுதிய சுயசரிதையைத் தழுவியே 2020-ல் 'சூரரைப் போற்று' தமிழ்ப் படமாக வந்தது. ஏர் டெக்கானும் லேக்கரின் கம்பெனியைப் போலவே நஷ்டத்தில் தள்ளாடி, 2008-ல் வேறொரு கம்பெனியுடன் கலந்து மறைந்தது. ஆனால் அவர் திறந்த கதவு மூடப்படவில்லை.

மறந்துபோன பாதி

இங்கேதான் நாம் மேலே குறிப்பிட்ட இரண்டு விதிகளுக்குத் திரும்ப வேண்டும். லேக்கரின் யோசனையில் பின்வந்தவர்கள் ஒரு பாதியை எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குத் தனி விலை, நெருக்கமான இருக்கைகள், விமானத்தைத் தரையில் அதிக நேரம் நிறுத்தாமை ஆகியவை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அன்றைய தினம் வருபவருக்கே மலிவு, வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்ற மற்றப் பாதி மறைந்தே போயிற்று. இன்று நடப்பது அதற்கு நேர்மாறு. மூன்று மாதம் முன்பே உல்லாசப் பயணத்துக்குச் சீட்டு எடுப்பவர் சொற்பக் கட்டணத்தில் செல்கிறார். "அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வா" என்று இரவு பத்து மணிக்குச் செய்தி கேட்டு மறுநாள் விமானத்துக்கு ஓடுகிறவர், அவரைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு கொடுத்து அதே இருக்கையில் உட்காருகிறார். பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போது கட்டணம் ஏறும் வேகத்தை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கீரைக்காரியின் கணக்கு வேறு ஒரு முகம் காட்டுகிறது. வாங்குபவருக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்து விலை சொன்னால் அவளை நாம் கண்டிப்போம். விமானத்தில் அதையே வியாபார நுட்பம் என்கிறோம். கம்பெனிகளுக்கும் செலவு உண்டு. கடைசி நாள் பயணியிடம் வாங்கும் தொகையே முன்பதிவுப் பயணியின் மலிவைத் தாங்குகிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இதற்கு எல்லை வகுக்கவே இயலாது என்பதற்கில்லை. நம் அரசாங்கமே 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்டு 31 வரை உள்நாட்டுக் கட்டணங்களுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதித்திருந்தது. அது நோய்க்காலத்து ஏற்பாடு. மரணத்துக்கும் கடும் நோய்க்கும் ஓடுகிற பயணிக்கு மட்டுமாவது ஒரு நியாயமான கட்டணம் வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. நம் போன்ற சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்கத்தக்க கோரிக்கை அது.

கேட்டது கிடைக்கும்வரை நம் கையில் உள்ளதையும் செய்யலாம். உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றும் மாதம் சிறு தொகை ஒதுக்கினால், அவசரப் பயண நிதி ஒன்றை எந்தச் சங்கமும் ஏற்படுத்த முடியும். செய்தி வந்த இரவில் யாரிடம் கேட்பது என்று ஓர் இளைஞன் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காமல், அந்நிதியிலிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு புறப்படலாம். பின்னர் தவணையில் திருப்பிக் கொடுக்கலாம். வேலை தேடி அண்மையில் வந்து, இங்கே உற்றார் எவரும் இல்லாதவர்களுக்கே இது முதலில் உதவ வேண்டும்.

மலிவுப் பயணத்துக்காகப் போலிச் சங்கங்கள் முளைத்த காலத்தில், சங்கமே வேண்டாம், சீட்டு வாங்கும் மனிதன் என்பதே போதும் என்று சொன்னவர் பிரெடி லேக்கர். அவர் ஓட்டிய ஆகாய ரயில் ஐந்து ஆண்டுகள்கூட ஓடவில்லை. ஆயினும் அதன் வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவரும் முதலில் நின்றவர் கொடுத்த அதே 59 பவுண்டைக் கொடுத்துத் தம் மக்களைப் பார்க்கப் போனார். நம் விமானங்களில் அந்த நாள் மீண்டும் வர வேண்டும் என்பதே நம் விருப்பம்.